ஷோனாவும் பெலருசியமும் ஒரே அறையில்

"எங்கேயும் தொட்டுக்கொள்ளவில்லை, அமாய்" என்றார் சவரிராயன்.

"எது?"

"இரண்டும்."

செக்காய் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஷோனாவும் பெலருசியமும். வாலிபத்திலிருந்து இரண்டு மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவருகிறேன். ஒன்றின் நிழல்கூட மற்றதன் மேல் விழவில்லை."

"விழவேண்டுமா?"



சவரிராயன் பாளையங்கோட்டைக்காரர். இளவயதில் உதவித்தொகை கிடைத்து பெலருஸ் நாட்டின் மின்ஸ்க் நகரத்துக்குப் படிக்கப் போனார். நகரத்தில் எல்லோரும் ருஷ்யன் பேசினார்கள். விடுமுறையில் நண்பன் ஒருவனுடைய கிராமத்துக்குப் போனபோதுதான் பெலருசியம் காதில் விழுந்தது. அன்றைக்கே அது அவரைப் பிடித்துக்கொண்டது.

பிறகு ஜிம்பாப்வேயில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. அங்கே ஷோனா. அதுவும் பிடித்துக்கொண்டது.

ஊரில் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். அவர் ஊருக்குப் போகவே இல்லை.

உலகத்து மொழிகள் எல்லாம் ஏதோ ஒரு காலத்தில் ஒரே வாயிலிருந்து வந்தவை என்று அவர் உள்ளூர நம்பினார். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். ஒன்றுக்கொன்று மிகத் தூரமான இரண்டு மொழிகள் தன்னிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. இந்த இரண்டும் ஓர் இடத்தில் தொட்டுவிட்டால் போதும், எல்லாமே தொட்டுக்கொள்ளும் என்று நினைத்தார். அதைத் தேடியே வயதாகிவிட்டது.

செக்காய் அவரைவிட மிகவும் இளையவர். ஜிம்பாப்வேயின் கிழக்கு மலையில், தேயிலைக்கு மேலே, மூடுபனிக்குள் ஒரு தகரக் கூரை வீட்டில் இருந்தார். மனம் சரியில்லாதவர்கள் அவரைத் தேடிப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவார்கள். சிலருக்கு அவர் ஏதாவது சொல்வார். பலருக்கு ஏதாவது வேலை கொடுப்பார். சவரிராயன் ஓய்வுபெற்ற பிறகு மலை ஏறி வந்தவர், இறங்கவில்லை.

செக்காய் முன்னால் அவர் தரையில்தான் உட்காருவார். அவர் செக்காயை 'அமாய்' என்பார். செக்காய் அவரை 'பாபா' என்பார். ஷோனாவில் அது அம்மா, இது அப்பா. வயது எதுவானாலும் மரியாதைக்கு அங்கே அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

"சரி, எங்கே தொடவில்லை? சொல்லுங்கள் பாபா."

"ஷோனாவில் சொல்லின் தலை மாறும். முன்ஹு என்றால் ஒரு மனிதர். வன்ஹு என்றால் பல மனிதர். பெலருசியத்தில் தலை அப்படியே நிற்கும், வால் மாறும்."

"ம்."

"ஷோனாவில் எந்தச் சொல்லும் உயிரெழுத்தில் முடியும். வாய் திறந்தபடியே நிற்கும். பெலருசியத்தில் மெய்யெழுத்துகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும், குளிரில் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி."

"ம்."

"எனக்கு ஒரு கஷ்டம் என்று சொல்ல வேண்டும். ஷோனாவில் 'நான் கஷ்டத்தோடு இருக்கிறேன்' என்கிறோம். பெலருசியத்தில் 'கஷ்டம் என்னிடத்தில் இருக்கிறது' என்பார்கள். இங்கே மனிதர் கஷ்டத்தோடு சேர்ந்து நிற்கிறார். அங்கே கஷ்டம் மனிதரிடம் வந்து நிற்கிறது. இதில்கூட ஒற்றுமை இல்லை."

செக்காயின் கை நின்றது.

"இரண்டிலும் இருக்கிறதே."

"எது?"

"கஷ்டம்."

"அது பொருள், அமாய். நான் சொல்வது இலக்கணம்."

செக்காய் ஒரு கட்டுக் கீரையை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"ஆயுங்கள்" என்றார்.



மறுநாள் காலையில் செக்காய் கதவைத் திறந்தபோது சவரிராயன் வாசலில் இருந்தார்.

"நன்றாக உறங்கினீர்களா பாபா?"

"நீங்கள் உறங்கியிருந்தால் நானும் உறங்கினேன்" என்றார் சவரிராயன்.

ஷோனாவில் காலை வணக்கத்துக்கு அதுதான் பதில். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அவரும் பல்லாயிரம் காலைகள் சொல்லியிருக்கிறார்.

"நான் உறங்கவில்லை" என்றார் செக்காய்.

சவரிராயன் திகைத்தார். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும் என்று அவர் படித்த எதிலும் இல்லை.

"அப்படியானால்..."

"அப்படியானால் நீங்களும் உறங்கவில்லை. உள்ளே வாருங்கள்."

உள்ளே ஒரு பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் இமைகள் வீங்கியிருந்தன. கீழே தேயிலைக் காட்டில் வேலை செய்கிறவள். எல்லோரும் அவளை 'மாய் முன்யா' என்று கூப்பிடுவார்கள். முன்யாவின் அம்மா என்று அர்த்தம். அவளுடைய சொந்தப் பெயர் பலருக்குத் தெரியாது.

முன்யா இப்போது இல்லை.

அவன் படிக்கப் போன நாடு பெலருஸ். அங்கேயே வேலை கிடைத்தது. அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். போன பனிக்காலத்தில் சாலையில் வண்டி சறுக்கி மரத்தில் மோதியது. அவனை அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

மாய் முன்யாவுக்குத் தொலைபேசியில்தான் சொன்னார்கள். மூன்றாவது ஆள் மூலமாக, இங்கிலீஷில். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்திலிருந்து யார் கூப்பிட்டாலும் அவள் எடுக்கவில்லை.

"இன்றைக்கு ஒருத்தி வருகிறாள்" என்றார் செக்காய். "முன்யாவின் மனைவியைப் பெற்றவள். மகள் நிறைமாதம், பயணம் செய்ய முடியாது. அதனால் இவள் வருகிறாள். அவள் மொழி மட்டும்தான் அவளுக்குத் தெரியும்."

சவரிராயன் சட்டென்று நிமிர்ந்தார்.

"பெலருசியமா?"

"அதுதான். அவள் வந்தால் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றாள் மாய் முன்யா. விடியும்வரை பேசி, ஒரே ஒரு கேள்வி கேட்கச் சம்மதித்திருக்கிறாள். கேட்டுவிட்டுப் போய்விடுவாளாம். நடுவில் நீங்கள் உட்கார வேண்டும்."

சவரிராயன் கைகூப்பினார். இத்தனை காலம் தன் தலைக்குள் மட்டுமே அக்கம்பக்கத்தில் இருந்த இரண்டு மொழிகள், முதல்முறையாக ஒரே அறைக்குள் வந்து பேசப் போகின்றன. அந்தச் சந்தோஷத்தில் அவர் மாய் முன்யாவின் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.



பேருந்திலிருந்து இறங்கியவள் பெயர் யானினா. நல்ல உயரம். தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தாள். நெஞ்சோடு ஒரு பையை அணைத்துப் பிடித்திருந்தாள்.

சவரிராயன் அவள் மொழியில் வணக்கம் சொன்னதும் அவள் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கள் ஊரிலேயே இளசுகள் இந்த மொழியைப் பேசுவதில்லை" என்றாள். "நீங்கள் யார்?"

"தமிழன்."

அவளுக்கு அது புரியவில்லை. புரியாவிட்டாலும் பரவாயில்லை என்பதுபோலத் தலையாட்டினாள்.

பையைத் தூக்கிக்கொள்ள அவர் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

வழியில் தேயிலை பறிக்கிறவர்கள் அவருக்கு வணக்கம் சொன்னார்கள். "பாபா, பாபா" என்றார்கள். யானினா அவரை ஒருமாதிரி பார்த்தாள்.

"உங்களை ஏன் கிழவி என்று கூப்பிடுகிறார்கள்?"

பெலருசியத்தில் பாபா என்றால் கிழவி.

"இங்கே அதற்கு அப்பா என்று பொருள். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. தற்செயலாக ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்."

அவள் லேசாகச் சிரித்தாள். பிறகு மேட்டைப் பார்த்தாள், சிரிப்பு போய்விட்டது.

"அவனைப் பெற்றவள் மேலே இருக்கிறாளா?"

"இருக்கிறாள்."

"கோபமாகவா?"

சவரிராயன் வழியைப் பார்த்து நடந்தார்.



அறையில் நான்கு பேர்.

மாய் முன்யா ஜன்னல் பக்கம் பாயில் இருந்தாள். யானினாவுக்கு ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டாள். செக்காய் கதவோரம். சவரிராயன் நடுவில்.

மாய் முன்யா யானினாவைப் பார்க்காமல் சொன்னாள்:

"கேளுங்கள் பாபா. என் மகனை ஏன் என்னிடம் அனுப்பவில்லை?"

சவரிராயன் அதை அப்படியே பெலருசியத்தில் சொன்னார். காலமும் வேற்றுமையும் பிசகவில்லை.

யானினா மாய் முன்யாவின் பக்கம் திரும்பினாள்.

"காத்திருந்தோம். பனிப்புயலில் விமானம் ஏதும் பறக்கவில்லை. அப்புறம்... என் மகள் அவனை விடவில்லை."

அதையும் அவர் அப்படியே ஷோனாவில் சொன்னார். "என் மகள் அவனை விட மறுத்துவிட்டாள்."

"மறுத்தாளா?" என்றாள் மாய் முன்யா. "மறுக்க அவள் யார்?"

அவர் சொன்னார்.

யானினாவின் கழுத்து சிவந்தது. "அவன் மனைவி."

அவர் சொன்னார்.

"அப்படியானால் நான் யார்?"

அவர் சொன்னார். யானினா பதில் தேடினாள். கைகள் பையைப் பிசைந்தன. ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து அவள் சொன்னது இதுதான்:

"அவனுக்கு எங்கள் ஊர் ரொம்பப் பிடித்திருந்தது. அங்கேயே இருக்கவேண்டும் என்பான்."

சவரிராயன் ஒரு கணம் தயங்கினார். மொழிபெயர்ப்பவர் தயங்கக்கூடாது என்று தன்னையே கண்டித்துக்கொண்டார். அதையும் சொன்னார்.

மாய் முன்யா எழுந்துவிட்டாள்.

"கேட்டாகிவிட்டது" என்றாள்.

"பாபா" என்றார் செக்காய். "போதும்."

"நான் சரியாகத்தான் சொல்லிவருகிறேன், அமாய். ஒரு சொல் கூட்டவில்லை. ஒரு சொல் குறைக்கவில்லை."

"தெரியும். நடுவிலிருந்து எழுந்திருங்கள்."

சவரிராயன் எழுந்தார். செக்காய் பக்கத்தில் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார்.

நடுவில் ஒன்றும் இல்லை. வெறும் பாய்.

மாய் முன்யா வெளியே போகவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள். யானினா முக்காலியில் குனிந்திருந்தாள். தகரத்தின் மேல் மூடுபனி சொட்டியது.

அப்படியே நெடுநேரம் ஆயிற்று.

பிறகு மாய் முன்யா ஒரு சொல் சொன்னாள். யாரிடமும் அல்ல. ஜன்னலிடம்.

மறுபடியும் அதே சொல்.

மூன்றாம் முறை அதோடு இன்னொரு சொல்லும் சேர்ந்து வந்தது. "...அவனைப் பார்த்திருந்தால்."

அவள் திரும்பத் திரும்பச் சொன்ன அந்தச் சொல், நடக்காமல் போனதைச் சொல்ல ஷோனாவில் முதலில் வருவது. 'பார்த்திருக்கக் கூடாதா' என்று தமிழில் கடைசியில் வருகிற ஏக்கம், அங்கே முதலிலேயே வந்துவிடும். பலபேருக்கு அதற்கு மேல் சொல்ல வராது. அந்த ஒரு சொல்லிலேயே நின்றுவிடுவார்கள்.

யானினா நிமிர்ந்தாள்.

சவரிராயன் அவள் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பெலருசியத்தில் அந்த ஒலிக்கு 'கொடு' என்று பொருள்.

அந்நியரிடம் மரியாதையாகக் கேட்கிற 'கொடுங்கள்' இல்லை. அக்காவும் தங்கையும் அடுக்களையில் கேட்டுக்கொள்கிற 'கொடு'.

யானினாவின் கண்கள் நிறைந்தன. சவரிராயனைப் பார்த்து மெல்லிய குரலில் சொன்னாள்:

"கேட்டுவிட்டாள். எப்படித் தெரியும் அவளுக்கு?"

இல்லை, அவள் கேட்கவில்லை, அது வேறு சொல் என்று சொல்ல சவரிராயன் வாயைத் திறந்தார். பாதி எழுந்தும் விட்டார்.

செக்காயின் கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

அவர் உட்கார்ந்தார்.

யானினா பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். சிவப்பு நூலில் கரை போட்ட வெள்ளைத் துண்டு, நான்கு முனைகளும் சேர்த்து முடிச்சிட்டிருந்தது. அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தாள். மாய் முன்யாவின் பின்னால் போய் நின்றாள்.

மாய் முன்யா திரும்பினாள். முன்னால் நீண்டிருந்த கைகளைப் பார்த்தாள். என்ன என்று கேட்கவில்லை. வாங்கிக்கொண்டாள்.

பாயில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள்.

மண்.

சாம்பல் நிறம். ஆற்று மணல் கலந்தது. வெள்ளை வெள்ளையாய் மெல்லிய புல்வேர்கள் இருந்தன. அந்த மலையில் எங்கே தோண்டினாலும் செம்மண்தான் வரும். அப்படி ஒரு மண்ணை அவள் பார்த்ததே இல்லை.

அது எந்தக் கல்லறையின் மண் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அவள் குனிந்து முகத்தைத் துண்டின் அருகே கொண்டுபோனாள். குழந்தையின் உச்சந்தலையை மோப்பது போல மோந்தாள். நிமிர்ந்தபோது நெற்றியிலும் மூக்கிலும் சாம்பல் மண் ஒட்டியிருந்தது.

யானினாவின் பாவாடை நுனியைப் பிடித்து இழுத்தாள். யானினா அவள் பக்கத்தில் தரையில் அமர்ந்தாள்.

மாய் முன்யா உள்ளங்கைகளைக் குழித்து, ஒன்றன்மேல் ஒன்று மெதுவாகத் தட்டினாள். நன்றி சொல்வதற்கும் மதிப்புக் காட்டுவதற்கும் அங்கே பெண்கள் அப்படித்தான் தட்டுவார்கள். யானினாவுக்கு அது தெரியாது. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் கைகளைக் குழித்துக்கொண்டாள்.

இரண்டு பேரின் கைத்தட்டலும் அறைக்குள் மெல்லக் கேட்டது.

அவர்கள் பேசத் தொடங்கினார்கள்.

"சாப்பிட்டானா அங்கே?" என்றாள் மாய் முன்யா, ஷோனாவில்.

"முதலில் எங்கள் பீட்ரூட் சூப்பைப் பார்த்தாலே முகம் சுளிப்பான்" என்றாள் யானினா, பெலருசியத்தில். "அப்புறம் அவனே இரண்டாவது கிண்ணம் ஊற்றிக்கொள்வான்."

சவரிராயன் செக்காயைப் பார்த்தார். செக்காய் தலையை அசைக்கவில்லை.

"குளிருக்கு என்ன போட்டுக்கொண்டான்? சின்ன வயதிலேயே அவனுக்கு மார்ச்சளி."

"என் கையால் பின்னிய கம்பளிச் சட்டை. அதோடுதான் புதைத்தோம்." யானினா விரல்களால் பின்னிக் காட்டினாள்.

மாய் முன்யா அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லாக் கேள்விக்கும் அப்படிப் பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவானா என்று மாய் முன்யா கேட்டபோது யானினா அவன் வளர்த்த நாயைப் பற்றிச் சொன்னாள். அந்த நாய் இன்னும் வாசலில் படுத்துக் கிடக்கிறதாம். மாய் முன்யா அதற்கும் தலையாட்டினாள். கோயிலைப் பற்றிச் சொன்னால் ஆட்டியிருப்பது போலவே ஆட்டினாள்.

அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவர் ஒருவர்தான். எந்தச் சொல் எதற்குப் போகிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரிந்தது. அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சிறிது நேரத்துக்குப் பிறகு தானும் சொற்களைக் கவனிக்கவில்லை என்பதை அவர் உணர்ந்தார். இரண்டு குரல்கள் கேட்டன. எது ஷோனா, எது பெலருசியம் என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.



வெயில் சாய்வதற்கு முன்னால் மாய் முன்யா யானினாவைக் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். சவரிராயன் பின்னால் போனார். வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் பின்னால் முன்யாவின் அப்பாவுடைய கல்லறை இருந்தது. அதற்குப் பக்கத்தில் மாய் முன்யா மண்வெட்டியால் வெட்டினாள். கொஞ்சம் வெட்டியதும் யானினா வாங்கி வெட்டினாள். அவளும் மண்ணில் வேலை செய்து பழகியவள் என்பது பிடித்த பிடியிலேயே தெரிந்தது.

செம்மண் குழிக்குள் சாம்பல் மண்ணைக் கொட்டினார்கள். மாய் முன்யா அவனுடைய முழுப்பெயரைச் சொல்லி, வீட்டுக்கு வந்துவிட்டாய் என்றாள். யானினா தலையில் கட்டியிருந்த துணியை இறுக்கிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

குழியை மூடியபிறகு துண்டு காலியாகக் கிடந்தது.

மாய் முன்யா அதை உதறவில்லை. கல்லறை ஓரத்திலிருந்து இரண்டு கை நிறையச் செம்மண் எடுத்து அதில் போட்டாள். நான்கு முனைகளையும் சேர்த்து முடிச்சிட்டாள். முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். யானினாவின் மடியில் வைத்தாள்.

யானினா எத்தனை நாள் இருப்பாள் என்று யாரும் பேசவில்லை. அன்றைக்கு மாய் முன்யாவின் வீட்டிலேயே சாப்பிட்டாள். கையால் பிட்டுத் தின்ன வேண்டிய சோளக்களியை அவள் கரண்டி கேட்டு வாங்கித் தின்றாள். கரண்டி என்று எப்படிக் கேட்டாள் என்பதைச் சவரிராயன் பார்க்கத் தவறிவிட்டார்.



அடுத்த நாள் செக்காய் சோளமாவு சலித்துக்கொண்டிருந்தார். சவரிராயன் வந்து உட்கார்ந்தார்.

"அமாய், நேற்று என் கையை ஏன் பிடித்தீர்கள்?"

"நீங்கள் எழுந்திருக்கப் பார்த்தீர்கள்."

"அந்தச் சொல்லுக்கு அவள் மொழியில் வேறு பொருள் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"எந்தச் சொல்லுக்கு?"

சவரிராயன் அவரையே பார்த்தார். செக்காய் சல்லடையைக் கீழே வைத்தார்.

சவரிராயன் நடந்ததைச் சொன்னார். ஷோனாவில் அது ஏக்கம். பெலருசியத்தில் அது கொடு. மாய் முன்யா எதையும் கேட்கவில்லை. யானினாதான் கேட்டதாக நினைத்துக்கொண்டாள்.

செக்காய் மறுபடியும் சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னார். செக்காயின் கண் அகன்றது. மாவு படிந்த கையைத் தன் வாய்மேல் வைத்துக்கொண்டார்.

"தற்செயல்தான் அமாய்" என்றார் சவரிராயன். குரலில் உறுதி இல்லை. "ஒலிகூட முழுக்க ஒன்றில்லை. அந்தச் சொல்லின் முதல் ஒலியை ஷோனாவில் தொண்டைக்குள் இழுத்துக்கொண்டு சொல்ல வேண்டும். பெலருசியத்தில் வெளியே விட்டுச் சொல்ல வேண்டும்."

செக்காய் மூச்சை உள்ளே இழுத்தார்.

வெளியே விட்டார்.

"ம்" என்றார்.

சவரிராயன் தலை குனிந்தார்.

"உங்கள் மொழியில்?" என்றார் செக்காய்.

"எங்கள் மொழியிலா?"

"நீங்கள் பிறந்த மொழியில். அந்த ஒலிக்கு அங்கே என்ன பொருள்?"

"ஒன்றும் இல்லை, அமாய். எங்கள் மொழியில் எந்தச் சொல்லும் அந்த ஒலியில் தொடங்காது. அதற்கென்று தனி எழுத்தும் கிடையாது."

"எழுதவே முடியாதா?"

"எழுதலாம். பல்லைத் தொட்டு வருகிற ஒலி. கிட்டத்தில் இருக்கிற எழுத்தை வைத்து எழுதிக்கொள்வோம்."

"எழுதியிருக்கிறீர்களா?"

சவரிராயன் யோசித்தார். இரண்டு மொழிகளையும் அவர் என்றைக்கும் ஒலிக்குறிகளில்தான் எழுதியிருக்கிறார். தமிழில் எழுதவேண்டிய தேவை வந்ததில்லை.

"இல்லை."

செக்காய் மாவுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். மேலே உள்ளங்கையால் தடவிச் சமமாக்கினார்.

சவரிராயன் சுட்டுவிரலை நீட்டினார். முதல் எழுத்தைப் போட்டார். அதற்குப் பக்கத்தில் கால் போட்டார். கடைசி எழுத்தைப் போட்டார். அதன் தலையில் புள்ளி வைக்கப் போன விரல் மாவுக்கு மேலே நின்றுவிட்டது.

வெளியே கீழ்ச்சரிவில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே ஏறி வருவது கேட்டது.

அவர் புள்ளியை வைத்தார். கையை எடுக்கவில்லை.

மாவில் 'தாய்' என்று இருந்தது.

"என்ன பொருள் பாபா?"

"அமாய்" என்றார் சவரிராயன்.